ஆளுக்கொரு காது

நான் முதலில் கவனித்தது உன் உதட்டை. உனக்குக் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்த நாள் அது. தொட்டிலிலிருந்து தூக்கித் தோளில் போட்டுத் தட்டியும் நீ அழுகையை நிறுத்தவில்லை. மருந்து கொடுக்கும் நேரம் ஆகிவிட்டதா என்று பார்க்க அலமாரியிலிருந்து போனை எடுத்தேன். கேமரா இருக்கிற அதன் முதுகுப்பக்கம் உன் பக்கம் திரும்பியது. உன் உதடு விரிந்தது. கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருக்க, மூக்கு ஒழுகிக்கொண்டிருக்க, நீ சிரித்தாய். போனைக் கீழே வைத்தேன், அழுதாய். எடுத்தேன், சிரித்தாய். உனக்கு அப்போது பேச்சு வரவில்லை, பிடிக்காமல் நிற்கக்கூட வரவில்லை. அழுகையின் நடுவில் சிரிக்க மட்டும் வந்துவிட்டது.

சாமி, உன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அது ஏற்கெனவே தெரியாதவர்கள் வாயில் நிறைய அரைபட்டுவிட்டது. நீ இதை வாசிக்கும்போது உனக்கு மீசை முளைத்திருக்கும், என்னைவிட உயரமாக இருப்பாய். மற்ற அம்மாக்கள் மகனுக்குக் கல்யாணம் கூடிவரும்போதோ, அவன் வெளியூருக்குப் பெட்டி கட்டும்போதோ, தங்களுக்கு முட்டி தளரும்போதோ இப்படி உட்கார்ந்து எழுதுவார்கள். எனக்கு இன்னும் இருபது வயதுகூட ஆகவில்லை. நீ என் பக்கத்தில் பாயில் குப்புறப் படுத்துத் தூங்குகிறாய். ஆனாலும் இப்போதே எழுதிவிட வேண்டும் என்று இருக்கிறது. ஒருநாள் நீ உன்னைத் தேடிப் பார்ப்பாய். சிரிக்கிற குழந்தை ஒன்று வரும். குளிக்கிற குழந்தை, சோற்றைத் துப்புகிற குழந்தை, காது குத்திக்கொள்கிற குழந்தை. அதற்கு அடியில் முன்பின் தெரியாதவர்கள் எழுதியது நீண்டுகொண்டே போகும். அவர்கள் முந்திக்கொள்வதற்குள் நான் சொல்லிவிடுகிறேன். ஊர் பார்க்க நடந்ததை ஊர் பார்க்கவே எழுதுவதுதான் சரி என்று இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அச்சடித்த தாளில் இதயப் படம் போட இடம் இருக்காது. அது எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

அப்பாவைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிறவர்கள் அவரைத்தான் முதலில் திட்டுவார்கள். அவர் ரிக் வண்டியில் வேலை பார்த்தவர். திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு போடக் கிளம்புகிற அந்த லாரிகளோடு வடக்கே போனால், மழை பிடித்து வேலை நிற்கும்வரை ஊர் திரும்ப முடியாது. அவருடைய அம்மா இறந்த சேதி போனபோது வண்டி மத்தியப் பிரதேசத்தில் ஏதோ ஒரு கரட்டில் நின்றிருந்தது. ரயில் பிடித்து வந்து சேர்வதற்குள் எலும்பு பொறுக்கி ஆற்றில் கரைத்தாகிவிட்டது. நீ பிறந்ததும் ஆஸ்பத்திரியில் உன்னைக் கையில் வாங்கியவர், "இவன் நடக்கறதை நான் போன்ல பாக்க மாட்டேன்" என்றார். அந்த ஆசையில்தான் எல்லாம் ஆரம்பித்தது. உன்னைப் போனில் பார்க்கக் கூடாது என்று வண்டியை விட்டவர், கடைசியில் உன்னைப் போன் வழியாக மட்டுமே பார்க்கிறவராக ஆனார். இரண்டுக்கும் நடுவில் எந்த நாளில் அப்படி ஆனார் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

முதல் வீடியோவை விளையாட்டாகத்தான் எடுத்தார். அப்பாவுடைய அப்பாவை நம் பக்கத்தில் அப்பாரு என்போம். உன் அப்பாரு யாரிடம் பேசினாலும் மரியாதை குறையாமல் பேசுவார், மாட்டிடம்கூட. உன்னைக் காலில் போட்டு ஆட்டிக்கொண்டே, "பால் குடிச்சீங்களா சாமி?" என்றார். நீ "ங்" என்றாய். "தூங்கி எந்திரிச்சீங்களா?" "ங்." "அப்பறம், எப்ப ரிக் வண்டிக்குப் போறீங்க?" நீ வாயே திறக்கவில்லை. "அட, நீங்க உசாருங்க! உங்கொப்பனாட்ட இல்ல" என்று கைதட்டிச் சிரித்தார். பேச்சு வராத பிள்ளை கொங்கு மரியாதையோடு பதில் சொல்கிறது என்று நாமக்கல்லிலும் ஈரோட்டிலும் சேலத்திலும் ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு அனுப்பினார்கள். காய் வாங்கப் போன இடத்தில் கடைக்காரரின் போனில் நீ சிரித்துக்கொண்டிருந்தாய். எனக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

அந்த வீடியோ ஓடிய ஆப்பை மஞ்சள் என்று எழுதுகிறேன், அதன் சின்னம் மஞ்சள் நிறம். கம்பெனியின் பெயர் வேண்டாம். நீ வளர்வதற்குள் அந்தப் பெயரே இல்லாமல் போயிருக்கலாம். மஞ்சள் கம்பெனியிலிருந்து விக்னேஷ் என்பவர் பைக்கில் புதுச்சத்திரம் வந்து, வழி கேட்டு, நம் வீட்டைக் கண்டுபிடித்தார். வீடியோ எடுக்கும்போது வெளிச்சத்துக்கு வைக்க, காலில் நிற்கிற வட்ட விளக்கு ஒன்றைக் கொடுத்தார். பார்க்கிறவர்கள் கூடக் கூடப் பணம் வரும் என்று சொல்லி, ஒப்பந்தம் என்று போனில் எதையோ காட்டி அப்பாவின் விரலால் கையெழுத்து வாங்கிக்கொண்டார். "இனி நாமெல்லாம் ஒரே குடும்பங்ண்ணா" என்றார்.

அப்பாரு கேட்டார்: "எந்த வழியில தம்பி? பங்காளியா, மாமன் மச்சானா?"

"அய்யோ, சும்மா ஒரு பேச்சுக்குங்கய்யா."

"அதில்லைங் தம்பி. பங்காளின்னா கூட உக்கார வெச்சுச் சோறு போடோணும். மச்சான்னா நீங்க சீர் கொண்டாரோணும். எதுன்னு தெரிஞ்சாத்தான இலை போட முடியும்?"

விக்னேஷ் சிரித்து மழுப்பினார். நாங்களும் சிரித்தோம். சாமி, வளர்ந்தபின் உன்னிடம் எதையாவது விற்க வருகிறவர்கள் உன்னைக் குடும்பம் என்று சொன்னால், அப்பாரு கேட்டதைக் கேட்டுப் பார். பதில் சொல்ல முடியாதவர்களுக்கு இலை போடாதே.

அந்த வீடியோக்களில் என் முகம் இருக்காது. கை மட்டும் இருக்கும். உனக்கு ஊட்டுகிற கை, துண்டால் தலை துவட்டுகிற கை. "அம்மா முகத்தைக் காட்டுங்க" என்று தினமும் யாராவது எழுதுவார்கள். நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கு என் முகம் ஒருமுறை ஊரார் போனில் ஓடியதுதான் காரணம் என்று அவர்களுக்குத் தெரியாது. காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்க என்னை நிறுத்தினார்கள். ஒரு வார்த்தையில் நாக்கு சிக்கிக்கொண்டது. திரும்பத் திரும்ப அதே எழுத்து வந்தது. யாரோ அதைப் படம் பிடித்துப் பாட்டுச் சேர்த்துவிட்டார்கள். பஸ்ஸில் ஏறினால் பின்சீட்டில் என் திக்கல் கேட்கும். ஒருநாள் பாதி வழியில் இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டேன், அப்புறம் போகவில்லை. அப்பாவிடம் கல்யாணமான புதிதிலேயே இதைச் சொல்லியிருந்தேன். உன்னைப் படம் எடுக்கத் தொடங்கியபோது அவரே, "உன்ற முகம் வராது, அது என் பொறுப்பு" என்றார். சொன்னபடி கடைசிவரை பார்த்துக்கொண்டார். என் முகத்துக்குக் கேட்டதை உன் முகத்துக்கும் சேர்த்துக் கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பிறகு பச்சை வந்தது. அதுவும் ஒரு ஆப், புதிதாக வந்த பெரிய கம்பெனியுடையது. மஞ்சளிடம் இருக்கிற மக்களை அது இழுக்க வேண்டும். மக்கள் என்றால் பஸ்ஸிலும் கோழிப்பண்ணை வாசலிலும் டீக்கடையிலும் உட்கார்ந்து கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகிறார்களே, அவர்கள். அவர்களை இழுக்க வேண்டுமென்றால் அவர்கள் பார்க்கிற முகங்களை முதலில் இழுக்க வேண்டும். அந்த முகங்களில் ஒன்று நீ. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் பச்சைக்கு ஓர் ஆபீஸ் திறந்தார்கள். அங்கிருந்து நிவேதா அக்கா வந்தார். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். வரும்போதெல்லாம் உனக்கு பிஸ்கட் கொண்டு வருவார். அப்பா இரண்டு பக்கமும் வீடியோ போட ஆரம்பித்தார். பச்சையில் போட்ட நாளில் மஞ்சளில் உன்னைப் பார்க்க யாருமே வரமாட்டார்கள். அப்பா விக்னேஷுக்குப் போன் செய்வார். "அதெல்லாம் மிஷின் பண்றதுங்ண்ணா, நம்ம கையில ஒண்ணுமில்லைங்" என்பார் அவர். மஞ்சளுக்குக் கூடுதலாக ஒன்று போட்டால் அங்கே கூட்டம் திரும்பும், பச்சையில் வற்றும். எங்கோ இரண்டு முதலாளிகள் கயிறு இழுத்தார்கள். கயிற்றின் நடுவில் கட்டிய துணி மாதிரி அப்பா இங்கேயும் அங்கேயும் போய்க்கொண்டிருந்தார். ரிக் வண்டி முதலாளி அடிக்கடி கூப்பிட்டு, "எப்பப்பா வர்றே? ஆளில்லாம வண்டி நிக்குது" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த அழைப்பு வந்த நாளெல்லாம் அப்பா உன்னைக் கூடுதலாகப் படம் பிடிப்பார்.

நிறச் சண்டையைச் சொன்னால் நீ நம்ப மாட்டாய். பச்சைக்கு எடுக்கும் வீடியோவில் மஞ்சளாக எதுவும் தெரியக் கூடாது, மஞ்சளுக்கு எடுப்பதில் பச்சையாக எதுவும் தெரியக் கூடாது. உன் சட்டைகளை இரண்டு பையில் பிரித்து வைத்தோம். தண்ணீர்க் குடத்தை மாற்றினோம். ஒருநாள் உனக்கு நான் சோறு ஊட்டும்போது நிவேதா அக்கா தயங்கித் தயங்கி, "தங்கச்சி, கழுத்துல அந்தக் கயிறு தெரியுது. கொஞ்சம் உள்ள போட்டுக்கறீங்களா?" என்றார். என் தாலிக்கயிறு மஞ்சள்.

வெளியே கயிற்றுக்கட்டிலில் இருந்த அப்பாரு எழுந்தே விட்டார். "ஏனுங்க அம்மிணி, கயிறு மஞ்சளா இருக்காம பச்சையாவா இருக்கும்? மஞ்சளும் ஆவாது, வேப்பந்தழையும் ஆவாதுன்னா மாரியாத்தாளுக்கு நாங்க எப்படிப் பண்டிகை சாட்டறது?"

"எனக்குப் புரியுதுங்கய்யா. மேல இருந்து சொல்றாங்க, நான் என்ன பண்ணட்டும்?"

"மேல யாரு, சாமியா?"

"சாமியாட்டத்தானுங்க. கண்ணுல பாத்ததே இல்ல."

அப்பாருவுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. நான் கயிற்றை உள்ளே போட்டுக்கொண்டேன்.

உனக்குப் பதினோராம் மாதம் காது குத்த நாள் பார்த்தார்கள். குலதெய்வக் கோயிலில், காலை முகூர்த்தத்தில், தாய்மாமன் மடியில் வைத்து. உன் மாமன், என் அண்ணன், திருச்செங்கோட்டில் வண்டிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டர். உனக்கு அவன் ஒரே மாமன். சேதி தெரிந்ததும் மஞ்சள் கேட்டது, எங்களுக்கு மட்டும்தான் லைவ் என்று. பச்சையும் அதையே கேட்டது. இரண்டு பேரையும் விடவும் முடியாமல் பிடிக்கவும் முடியாமல் அப்பா சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தபோது, வழி சொன்னது அப்பாருதான். நம் ஜனத்தில் இரண்டு தாய்மாமன் இருந்து, யார் மடி என்று சண்டை வந்தால், வலது காதை மூத்தவர் மடியிலும் இடது காதை இளையவர் மடியிலும் வைத்துக் குத்துவது உண்டு. "எனக்கே அப்படித்தான் குத்துனாங்க. எந்தக் காது எந்த மாமனுதுன்னு இன்னைக்கும் சொல்லுவேன். இவனுக்கு ரெண்டு கம்பெனி மாமன்னு நெனச்சுக்க. ஆளுக்கொரு காதக் குடுத்துரு" என்றார். கேலியாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கம்பெனியும் ஒப்புக்கொண்டன. பங்கு சரியாகப் பிரிந்தால் சண்டை தீர்ந்தது என்று பழகிய ஜனம் நாம். வரப்பைப் பிரிப்போம், கிணற்றுத் தண்ணீரில் முறை வைப்போம். பிள்ளையையும் அப்படியே பிரித்தோம்.

கோயிலில் முதலில் மஞ்சள். வாழை இலையையும் வெற்றிலையையும் எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டு, செவ்வந்தி மாலையும் மஞ்சள் துணியுமாகச் சோடித்திருந்தார்கள். மாமன் புது வேட்டியில் சம்மணமிட்டு உட்கார்ந்து உன்னை மடியில் இருத்திக்கொண்டான். தங்கக் கம்பியோடு ஆசாரி முன்னால் உட்கார்ந்தார். நீ மணியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். என்ன நடக்கப் போகிறது என்று உனக்குத் தெரியாது. நீ திரும்புவதற்குள் வலது காதில் கம்பி ஏறிவிட்டது. ஒரு நொடி ஆச்சரியமாகப் பார்த்துவிட்டுத்தான் அழுதாய். ஆசாரி உடனே இடது காதுக்கு நகர்ந்தார்.

"கொஞ்சம் பொறுங்க ஆசாரி" என்றார் அப்பா.

"எதுக்குப் பொறுக்கோணும்?"

"அடுத்த காது அவங்களுது. லைவ் இன்னும் வரல."

ஆசாரி கம்பியைக் கையில் பிடித்தபடியே சொன்னார்: "கண்ணு, நான் எத்தனையோ புள்ளைங்களுக்குக் குத்தியிருக்கேன். மொதக் காதுக்கு எந்தப் புள்ளைக்கும் தெரியாது. ரெண்டாவது காதுக்குத் தெரிஞ்சுரும். தெரியறதுக்குள்ள குத்திரோணும். அதுதான் இதுல இருக்கற ஒரே வேலை."

"தெரியுதுங்க. ஒரு அஞ்சு நிமிஷம்."

விக்னேஷ் தன் போனை எடுத்துக்கொண்டு விலகினார். செவ்வந்தியைக் கழற்றினார்கள். மஞ்சள் துணியை உருவினார்கள். உன் சட்டையில் பட்டிருந்த மஞ்சளைத் துடைத்தார்கள், போகவில்லை, அதனால் சட்டையை மாற்றினார்கள். வாழை இலைகளைத் திரும்பக் கொண்டு வந்து கட்டினார்கள். எல்லாம் ஆன பிறகும் பச்சையின் லைவ் வரவில்லை. யாரோ சினிமாக்காரருடைய லைவ் முடியாமல் நீண்டுகொண்டிருக்கிறது, அது முடிந்தால்தான் நமக்கு இடம் என்றார்கள். நிவேதா அக்கா காதில் போனை வைத்துக்கொண்டு யாரிடமோ கெஞ்சினார். அந்தப் பக்கம் திட்டுவது எனக்கே கேட்டது. பிறகு அவர் குனிந்து, ஆறுதலாகச் சொல்வது போல என்னிடம் சொன்னார்: "பரவாயில்லைங்க தங்கச்சி. லேட்டானதும் ஒரு வகைல நல்லதுதான். ஆசாரி சொன்னாருல்ல, இப்ப பாப்பாவுக்குத் தெரியும். ரியாக்ஷன் நல்லா வரும்." அதைச் சொல்லும்போது அவர் கை உன் பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தது. அவர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். தான் என்ன சொல்கிறோம் என்று காதில் விழாத அளவுக்கு அவரை யாரோ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

நீ விம்மி விம்மி மாமன் மடியிலேயே தூங்கிப்போனாய். காதோரம் ஒரு பொட்டு ரத்தம் காய்ந்திருந்தது. அப்போதுதான் லைவ் வந்தது என்று சத்தம் போட்டார்கள்.

"எழுப்புங்க, எழுப்புங்க!"

மாமன் உன்னை இறுக்கிக்கொண்டான். "தூங்கற புள்ளைய எழுப்பிக் குத்தறதா? மாப்ள, ஆடு வெட்டறவன்கூட அது தலையாட்டற வரைக்கும் காத்திருப்பான்."

"மச்சான், ஒரு நிமிஷம். ஒரே நிமிஷந்தான். எத்தனை பேரு காத்துட்டு இருக்கறாங்க பாருங்க" என்று அப்பா போனைக் காட்டினார். காத்திருந்தவர்களை அவர் பார்த்தாரா, நிற்கிற ரிக் வண்டியைப் பார்த்தாரா, எனக்குத் தெரியாது. ஆசாரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அப்பாரு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோயில் பின்பக்கம் போய்விட்டார். தூக்கத்தில் பதறினால் கம்பி விலகிவிடும் என்று, யார் எழுப்புவது என்று பேச்சு வந்தது. "நீங்க எழுப்புங்க. உங்க கைதான் அவனுக்குப் பழக்கம்" என்றார் நிவேதா அக்கா.

நான் எழுப்பினேன், சாமி. கன்னத்தைத் தட்டி, வழக்கமாகப் பால் கொடுக்க எழுப்புகிற மாதிரியே எழுப்பினேன். நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, பாலுக்கு வாயைத் திறந்தாய். பிறகு ஆசாரியின் கையைப் பார்த்தாய். உனக்குத் தெரிந்துவிட்டது. உடம்பு விறைத்தது. மாமனின் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தாய், பொத்தான் அறுந்து விழுந்தது. நான்கு பேர் உன் தலையைப் பிடித்தார்கள். அதில் ஒரு கை என்னுடையது. நீ அந்த வீடியோவைத் தேடிப் பார்த்தால் கண்ணாடி வளையல் போட்ட கை ஒன்று உன் நெற்றியை அழுத்திக்கொண்டிருக்கும். அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

நிவேதா அக்கா சொன்னபடியே ஆயிற்று. வலது காதைப் பார்த்தவர்களைவிட இடது காதைப் பார்த்தவர்கள் பல மடங்கு. அழுகிற உன் படத்துக்கு மேலே ரோஜாப்பூவும் முத்தமும் மிதந்துகொண்டே போயின. பாவம் என்று எழுதியவர்களும் கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் எழுதியிருந்தார்கள். அதன்பிறகு இரண்டு கம்பெனிக்கும் பாதிப் பிள்ளை போதவில்லை. பச்சை முந்திக்கொண்டது. நீ பள்ளிக்கூடம் சேரும் வயது வரைக்கும் உன் முகமும் குரலும் அவர்களுக்கு மட்டும்தான். பேசுகிற முதல் வார்த்தை, நடக்கிற முதல் அடி, எல்லாம் அங்கேதான் முதலில் வர வேண்டும். வேறு எங்கும், சொந்தக்காரர் கல்யாண வீடியோவில்கூட, நீ தெரியக் கூடாது. அப்பா சம்மதித்தார். மஞ்சள் சும்மா இருக்கவில்லை. விக்னேஷ் போன் செய்து, "வருத்தமா இருக்குதுங்ண்ணா, ஆனா பேரு எங்களுது" என்றார். விளக்கு கொடுத்த அன்றைக்கு அப்பா விரலால் போட்ட கையெழுத்தில் அது இருந்ததாம். உன் பெயரில்தான் அந்தக் கணக்கு, அந்தப் பெயரில் வேறு யாரும் உன்னைக் காட்ட முடியாது.

அதற்கும் பச்சையிடம் வழி இருந்தது. உனக்கு வேறு ஒரு பெயர் வைத்துத் தந்தார்கள். கூப்பிட்டால் நீ திரும்பிப் பார்ப்பதற்காக வீட்டிலும் அதையே சொல்லிப் பழக்கச் சொன்னார்கள். அப்பா பழக்கினார். கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டு அந்தப் பெயரைச் சொல்வார். முதலில் நீ கேட்காதது போல விளையாடிக்கொண்டிருந்தாய். அப்பாரு மட்டும், "குலசாமி முன்னால காதுல மூணு தடவை சொன்ன பேருங்க, அதை எந்தக் காதுல இருந்து எடுக்கறது?" என்று முணுமுணுத்துக்கொண்டு உன்னைச் சாமி என்று மட்டும் கூப்பிட்டார். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் அப்பா அந்தப் புதுப் பெயரைச் சொன்னார். நீ தவழ்வதை நிறுத்தித் திரும்பினாய். அப்பா சந்தோஷத்தில் உன்னைத் தூக்கிச் சுற்றினார். நான் பின்னாலிருந்து உன் சொந்தப் பெயரைச் சொன்னேன். நீ திரும்பவில்லை.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் யாராவது உன்னிடம் வேறு மாதிரி சொல்லலாம். நீ வளர்ந்த காலத்தில் அப்பா வீட்டில் இல்லாத வருஷங்கள் இருந்திருந்தால், நீ நடந்ததையும் மிதிவண்டி பழகியதையும் அவர் போனில்தான் பார்த்திருந்தால், அது உன்னால் ஆனதில்லை. உன்மேல் அவருக்குப் பிரியம் குறைந்தும் ஆனதில்லை. அது என்னால் ஆனது. கோபப்பட வேண்டுமென்றால் என்மேல் கோபப்படு. நான் எதிர்த்துப் பேசத் தெரியாதவள், ஆனால் கோபத்தைத் தாங்கத் தெரியும். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி என்று பெரிதாக எதுவும் இல்லை. உன் குழந்தையை யாராவது எழுப்பச் சொன்னால், எதற்கு என்று கேட்டுவிட்டு எழுப்பு. அவ்வளவுதான் நான் கற்றுக்கொண்டது.

ஒப்பந்த நாளில் நிவேதா அக்கா ஒரு பெரிய திரையோடு வந்தார். அப்பா தன் முகத்தைக் காட்டி, சம்மதம் என்று சொல்லி முடித்துவிட்டார். நான் சமையல்கட்டில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அக்கா எட்டிப் பார்த்து, "தங்கச்சி, நீங்களும் வரணும். அப்பா அம்மா ரெண்டு பேர் முகமும் வேணுமாம். அப்பதான் ஏத்துக்கும்" என்றார். அப்பா என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். "ஒரே ஒரு தடவை, அம்மிணி. இது வீடியோ இல்ல, யாரும் பாக்க மாட்டாங்க. மிஷின் மட்டுந்தான் பாக்கும். அப்பறம் உன்ற முகத்தை ஒருத்தரும் கேக்க மாட்டாங்க." கொஞ்சம் நின்று, "இது இல்லைன்னா நான் வண்டிக்குப் போவோணும். உனக்குத் தெரியும்ல?" என்றார். எனக்குத் தெரியும் என்றேன். அவர் பொய் சொல்லவில்லை. ரிக் வண்டி முதலாளி முந்தின நாள்கூடக் கூப்பிட்டிருந்தார்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். உன்னை மடியில் வைத்துக்கொண்டேன். திரையில் முட்டை வடிவத்தில் ஒரு கோடு வந்தது, அதற்குள் என் முகம். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு என் முகத்தைத் திரையில் நான் பார்த்ததில்லை. இளைத்திருந்தது. நேராகப் பார்க்கவும் என்று ஒரு பெண் குரல் சுத்தமான தமிழில் சொன்னது. பார்த்தேன். கோடு பச்சையாக மாறியது. கண்களைச் சிமிட்டவும் என்றது. சிமிட்டினால் நான் உயிரோடு இருக்கிற ஆள்தான் என்று அதற்குத் தெரிந்துவிடும், அத்தோடு முடிந்தது என்றார் அக்கா.

நான் கண்களை மூடினேன்.

கண்களைத் திறக்கவும் என்றது குரல். "தங்கச்சி, சும்மா மூடித் திறந்தாப் போதும், பயப்படாதீங்க" என்றார் அக்கா. கண்களைத் திறக்கவும். "அம்மிணி" என்றார் அப்பா. வாசலில் அப்பாரு இருமுவது கேட்டது. கண்களைத் திறக்கவும். நீ திரையைத் தொட எட்டினாய். உன் கையைத் துழாவிப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.